பெட்டி நிறைய ஊறுகாய் எதற்கு?

"டாக்டர், ஒரு வருஷத்துக்குச் சூரணம் கட்டிக் கொடுத்திடுங்க. அந்த ஊர்ல என்ன கிடைக்கும்னே தெரியலை!"

கரீபியன் தீவான கிரெனடாவின் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் கணவருக்கு ஆசிரியர் வேலை. பெட்டியில் ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு. அத்தனையும் உப்பு! கணவருக்கோ ரத்தக்கொதிப்பு.

சூரணம் தர மறுத்துவிட்டேன். முன்பு கொடுத்தவன்தான். இதே போல வெளிநாடு போன ஒருவர், 'நாட்டு மருந்து இருக்கே' என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆறாத கால் புண்ணோடு திரும்பி வந்தார். 'மாத்திரையை நிறுத்தாதீங்க' என்று நான் அழுத்திச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

அந்த ஊர் ஒன்றும் வறண்ட பூமி அல்ல. கொடியிலேயே ஜாதிக்காய் வரைந்திருக்கும் நாடு! 1857-ல் 'மெய்ட்ஸ்டோன்' என்ற கப்பலில் போன இந்தியக் கூலித் தொழிலாளர்களின் வம்சாவளி அங்கே இருக்கிறது. ரொட்டியும் கறியும் அங்கே கடைச் சாப்பாடு. அவர்களின் தேசிய உணவான 'ஆயில் டவுன்' என்ன தெரியுமா? ஈரப்பலாக்காய், சேப்பங்கிழங்கு இலை, தேங்காய்ப்பால், மஞ்சள். (மஞ்சளை அங்கே குங்குமப்பூ பெயரில் 'சாஃப்ரன்' என்கிறார்கள்!) அதில் போடும் உப்புக்கண்டத்தை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். சந்தையில் இஞ்சி, பட்டை, வாழைக்காய் எல்லாம் புதிதாகக் கிடைக்கும்போது ஊறுகாயை நம்பி ஏன் குடித்தனம் நடத்த வேண்டும்? ஜாதிக்காய் மலிவு என்று ஸ்பூன் கணக்கில் சாப்பிடவும் கூடாது. சிட்டிகைதான் மருந்து. மிஞ்சினால் தலைசுற்றலும் படபடப்பும் வரும்.

பயப்பட வேண்டியது வேறு. பவளப்பாறைப் பக்கம் வளரும் பெரிய மீன்களில், குறிப்பாக நாம் சீலா என்கிற பாரகுடாவில், சிகுவாடெரா என்ற நஞ்சு இருக்கலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. வாந்தி, பேதி வரும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுடுகிற மாதிரி இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடற்கரையில் மான்சினீல் மரம் உண்டு. பழம் குட்டி ஆப்பிள் போலிருக்கும். வாயில் வைக்கவே கூடாது. அதன் பால் பட்டால் கொப்புளம். மழைக்குக்கூட அடியில் ஒதுங்காதீர்கள். இதற்கெல்லாம் என்னிடம் சூரணம் கிடையாது.

ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் காலம். 2004-ல் 'இவான்' புயல் அந்தத் தீவின் பெரும்பாலான வீடுகளைச் சேதப்படுத்தியது. மாத்திரை தீர்ந்தபின் கடைக்கு ஓடலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே உதவாது. ஒரு மாத மாத்திரையாவது தண்ணீர் புகாத டப்பாவில் தனியாக இருக்கட்டும். போன வாரமே உள்ளூர் டாக்டரைப் பார்த்து, சாப்பிடும் மருந்தையெல்லாம், நாட்டு மருந்து உட்பட, மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் கேட்ட அந்த அம்மா, "அப்போ ஊறுகாய்?" என்றார்.

"ஒரே ஒரு பாட்டில். அதுவும் உங்களுக்கு. சாருக்கு இல்லை!"