எபேசுவில் எரிந்த புஸ்தகங்கள்

நெய்வேலி லிக்னைட் ஹாலில் நடைபெறும் புத்தகக் கண்காட்சிக்குப் பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறிச் சென்றிருந்த ஒரு மாலையில், பத்து வயதுச் சிறுவனொருவன் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த ஹாரி பாட்டர் புஸ்தகத்தை, அவனுடைய தாயார் கோபமேதுமின்றி, ஆயினும் உறுதியோடு வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்ததைக் கண்டேன். “நமக்கு இது வேண்டாம்ப்பா, சூனியக் கதை” என்று அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னதும், பையன் அட்டையின் ஓரத்தை ஒருமுறை விரலால் தடவிவிட்டு நகர்ந்ததும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

அவருடைய அச்சத்தை அறியாமையென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சூனியத்தையும் அஞ்சனம் பார்ப்பதையும் உபாகமம் 18ஆம் அதிகாரம் விலக்குகிறது என்பது மட்டுமன்று; லண்டன் குழந்தைக்கு மந்திரக்கோல் ஒரு விளையாட்டுச் சாமானாயிருக்க, நம் பிரதேசத்திலோ, வியாபாரம் நொடித்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் எவரோ செய்வினை வைத்துவிட்டதாக அஞ்சித் தாயத்துக்கும் தகட்டுக்கும் கடன் வாங்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அப்பயத்தினின்று விடுபட்டதையே தன் விசுவாசத்தின் முதற்பலனாகப் போற்றும் ஒரு வீடு, மந்திரப் பள்ளிக்கூடத்தைப் பற்றிய கதையை வாசற்படியிலேயே நிறுத்தி விசாரிப்பது இயல்பே.

ஆனால் அவ்விசாரணை நெருப்பில் முடிய வேண்டியதில்லை. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் ஒரு சபையார் இப்புஸ்தகங்களைக் கொளுத்தினார்கள். இத்தகைய செயலுக்கு ஆதாரமாக அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டுவதுண்டு. எபேசு பட்டணத்தில் ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமானமுள்ள புஸ்தகங்களை எரித்தவர்களோ, தாங்களே மாயவித்தை செய்து வந்தவர்கள். எரிந்தவை அவ்வித்தைக்குரிய ஏடுகளேயன்றிப் பிள்ளைகளின் கதைகள் அல்ல.

கற்பனைக்கும் விசுவாசத்துக்கும் இடையிலான இவ்வழக்கு புதியதுமன்று. 1678இல் ஜான் பனியன் தம் மோட்சப் பிரயாணக் கதையை வெளியிட்டபோது, அச்சிடலாம் என்றும் கூடாதென்றும் நண்பர்கள் இரண்டுபட்டதை அவரே முகப்புப் பாடலில் கூறியிருக்கிறார். பூதாகாரமான இராட்சதனும் செதில் மூடிய அசுரனும் உலவும் அக்கதையைத்தான், திருநெல்வேலிச் சீமையில் வைணவராய்ப் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, கம்பனில் தோய்ந்த உள்ளத்தோடு ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியமாக்கி 1894இல் நமக்குத் தந்தார். அந்தச் சீமையிலிருந்து சுரங்க வேலைக்காக வந்து நெய்வேலியில் குடியேறியோரின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஓய்வுநாள் பள்ளியில் இக்கதை சொல்லப்படுகிறது? வேண்டாமென்று ஒரு புஸ்தகத்தைப் பறிக்கும் கை, வெறுங்கையாக நிற்பதே எனக்கு வருத்தம்.

மந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, கதை எதை நேசிக்கச் சொல்கிறது என்று பார்ப்பதே தகும் என்பது என் அபிப்பிராயம். கிரயமின்றிக் கிட்டும் வல்லமையைப் புகழும் கதை, அதில் ஒரு சூனியக்காரியும் இல்லாவிடினும், பிள்ளைக்குக் கேடே. ஹாரியைக் காப்பதோ, அவனுக்காக உயிரைக் கொடுத்த தாயின் அன்பு. 2007இல் வந்த ஏழாம் புஸ்தகத்தில், அவனுடைய பெற்றோரின் கல்லறையில் பொறிக்கப்பட்டிருப்பது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்து வசனம். நம் கல்லறைத் தோட்டங்களில் அடக்க ஆராதனையின்போது வாசிக்கிறோமே, அதே அதிகாரம். அந்த அம்மாள் புஸ்தகத்தைக் கவிழ்த்து வைக்குமுன் மகனோடு அமர்ந்து அந்தப் பக்கம்வரை வாசித்திருந்தால், அவ்விடத்தில் அவனுக்குச் சொல்ல அவரிடம் எவ்வளவோ இருந்திருக்கும்.