'சிதைந்துவிடும்' என்கிறார்கள்

வார்த்தைகளை விற்றுப் பிழைப்பவன் நான். ஆகவே, நல்ல வார்த்தை ஒன்றைப் பொய்ச்சாட்சிக்கு யாராவது இழுத்து வந்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஃப்ளோரின் ரசாயனங்களைப் பற்றிய பேச்சில் அப்படி இழுபடும் வார்த்தை 'சிதைவு'. "மண்ணில் கிடந்தால் நாளடைவில் தானே சிதைந்துவிடும், ஐயா! அதற்கு ஏன் இத்தனை கூப்பாடு?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் படித்தவர்கள். அதனால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

வாழைப்பழத் தோலைக் கொல்லையில் எறிந்தால் அது சிதைகிறது. சில மாதங்களில் மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. சிதைவு என்றதும் நம் மனத்தில் தோன்றுவது அந்தத் தோல்தான். இந்த வாதம் பிழைத்திருப்பதும் அந்தத் தோலை நம்பித்தான்.

ஆனால், மண்ணுக்குள் நடப்பது வேறு. கம்பளத்திலும் காகிதத்திலும் எண்ணெய்க்கறை பிடிக்காமலிருக்கப் பூசும் சரக்குகளை, ஃப்ளோரோடெலோமர் ஆல்கஹால் என்ற ரசாயனத்தைக் கொண்டு செய்தார்கள். அதில் ஒரு வகைக்குப் பத்துக் கார்பன் அணுக்கள். எட்டு, ஃப்ளோரின் கவசம் பூண்டவை. வால்பக்கத்து இரண்டு சாதாரணமானவை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் வாலைத் தின்கின்றன. கவசத்தின் விளிம்பைக் கொஞ்சம் கறண்டிப் பார்க்கின்றன. பிறகு பல் இறங்குவதில்லை. கார்பனும் ஃப்ளோரினும் கைகோத்தால் அவ்வளவு உறுதி! கடைசியில் மிஞ்சுவது பி.எஃப்.ஓ.ஏ. என்ற அமிலம். அதற்குப் பின் மண்ணில் சொல்லும்படியான சிதைவு கிடையாது.

விமானத் தளங்களில் எண்ணெய்த் தீயை அணைக்கப் பீய்ச்சும் நுரையின் கதை இன்னும் மோசம். அதிலுள்ள சில பெரிய மூலக்கூறுகள் மண்ணைப் பற்றிக்கொண்டு கிடக்கின்றன. அவை 'சிதைந்து' அமிலமான பிறகுதான் தண்ணீரோடு சுலபமாகக் கீழே இறங்குகின்றன. அதாவது, எந்தச் சிதைவைச் சொல்லி நம்மைத் தேற்றுகிறார்களோ, அதே சிதைவுதான் விஷத்தைக் கிணற்றுக்கு அனுப்பி வைக்கிறது! பழைய பெயரை மட்டும் தேடுகிற சோதனைக்காரர் 'குறைந்துவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். புதிய பெயரில் அது கூடிக்கொண்டிருக்கும்.

"விஞ்ஞானிகள்தாம் கிருமி கண்டுபிடித்துவிட்டார்களே!" என்பார்கள். கண்டுபிடித்தார்கள், அந்த உழைப்புக்கு வணக்கம். 2019-இல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் ஒரு நுண்ணுயிர், நூறு நாளில் இந்த அமிலத்தில் 60 சதவிகிதம் வரை குறைத்தது. ஆனால் அது பரிசோதனைச் சாலையில். காற்றுப் புகக்கூடாது, இரும்புச் சத்து வேண்டும், அம்மோனியம் வேண்டும். இவ்வளவு உபசாரமும் செய்து வைத்தால் விருந்தாளி சாப்பிடுவார். மைல் கணக்கில் பரவிவிட்ட நிலத்தடி நீருக்கு யார் போய்ப் பந்தி போடுவது? தயாரிப்பவர் முதலில் பதில் சொல்லட்டும்: உம்முடைய சரக்கு மண்ணில் கடைசியாக என்ன ஆகிறது? அதைச் சொல்ல முடியாதவருக்கு ஆலைக்கு வெளியே ஒரு சொட்டு விடவும் உரிமை இல்லை.

பொறுத்திருந்து பார்த்த ஊரும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் பக்கத்தில் டூபாண்ட் கம்பெனி டெஃப்லான் செய்ய, 1951 முதல் இந்த அமிலத்தைப் பயன்படுத்தியது. நம் வீட்டு ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சு அந்த டெஃப்லான்தான். 1984-இலேயே சுற்றுவட்டாரக் குழாய்த் தண்ணீரில் அமிலம் இருப்பதைக் கம்பெனி சோதித்து அறிந்தது. ஊருக்குச் சொல்லவில்லை. மாடுகள் செத்து விழுந்த பிறகு, 1998-இல் வில்பர் டென்னன்ட் என்ற பண்ணைக்காரர், ராப் பிலட் என்ற வக்கீலைத் தேடிப்போனார். அவர் கிளப்பிய வழக்கால்தான் சங்கதி அம்பலமாயிற்று. ஏறத்தாழ 70,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய் உள்பட ஆறு நோய்களுக்கு இந்த அமிலத்தோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012-இல் விஞ்ஞானக் குழு முடிவு சொன்னது. 2017-இல் வழக்குகளைத் தீர்க்க 67 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் அமிலம் சிதைந்ததா?

ஆற்றின் எதிர்க்கரையில் லிட்டில் ஹாக்கிங் என்ற ஊர். அங்கே 2007-இல் தண்ணீருக்குக் கரி வடிகட்டி வைத்தார்கள். கரி அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அழிக்காது. நிறைந்த கரியைக் கடும் சூட்டில் எரிக்க வேண்டும், அல்லது வேறெங்காவது கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். புதைத்தால், அந்த ஊர்க் கிணற்றுக்காரர்களிடமும் யாராவது ஒருவர் போய், "நாளடைவில் சிதைந்துவிடும், ஐயா" என்று சொல்வார்.