சுவத்துக்கு எதுக்குப் பாசி நிறம்?

மழை விட்டதும் தண்ணித் தொட்டி ஓரச் சுவத்துல பாசியைச் சுரண்டித் தள்ளுறது எங்க வீட்டுல வருஷா வருஷம் நடக்குற வேலை. காசு குடுத்து, ஆள் வச்சு, வீட்டுக்குள்ள பாசி பூசுறதை இப்பத்தான் பார்க்கிறேன்.

மகன் சென்னையில வேலையா இருக்கான். போன்ல ஒரு படம் காட்டினான். அடர்ந்த பாசிப்பச்சைச் சுவர், பித்தளை விளக்கு, மூலையில ஒரு தொட்டிச் செடி. "இயற்கையோட இருக்கிற மாதிரி இருக்கும்பா"ன்னான். எங்க வீட்டுக் கதவைத் திறந்தா முந்திரித் தோப்பு, அதைத் தாண்டினா சவுக்கு, இந்தப் பக்கம் மல்லாட்டைக் கொல்லை. இன்னும் எவ்வளவு பச்சைடா வேணும்?

ஆரோவில் எங்க வானூர் வட்டத்துலதான் இருக்கு. 1968-ல ஆரம்பிச்சப்போ அது பொட்டல் செம்மண் மேடு. வெளிநாட்டுல இருந்து வந்தவங்க அந்த மண்ணுல மரம் நட்டுக் காடாக்கினாங்க. அதே செம்மண்ணுல கொஞ்சம் சிமெண்டைக் கலந்து, மிஷின்ல அமுக்கிக் கல்லாக்கி, பல கட்டடத்தைப் பூச்சே இல்லாம விட்டிருக்காங்க. அவங்க பச்சையை வெளியில வச்சாங்க. நாம மரத்தை வெட்டிட்டு பச்சையை டப்பாவுல வாங்குறோம்.

எங்களுது பழைய வீடு. ஜன்னல் சின்னது. வெள்ளைச் சுண்ணாம்பு, மேல விழுற வெளிச்சத்துல பத்துக்கு எட்டுப் பங்கைத் திருப்பித் தரும். இந்த மாதிரி அடர் பச்சை ஒரு பங்கு தந்தாலே பெருசு. படத்துல இருக்குற வீட்டுக்குச் சுவரே பாதி கண்ணாடி, அதுக்கு அழகாத்தான் இருக்கும். எங்க நடு ரூம்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு லைட் போட வேண்டியதாயிடுச்சு. 2011-ல அரசாங்கம் பசுமை வீடுன்னு திட்டம் போட்டப்போ கூட 300 சதுர அடி வீட்டுக்கு சோலார் விளக்குதான் குடுத்தாங்க, இருட்டைக் குடுக்கல.

இதெல்லாம் கூடப் போகட்டும். போன வாரம் எங்கம்மா படுக்கையை ஒட்டி, சுவத்துல ஒரு தேள். அம்மாவுக்குக் கண்ணுல புரை எடுத்திருக்கு. கை ஊனப் போனவங்களைப் பேத்திதான் பிடிச்சு இழுத்தா. வெள்ளைச் சுவத்துல அது வாசப்படியில இருந்தே தெரிஞ்சிருக்கும். தேளு, பூரான், கொசு எல்லாம் தெரியணும்னுதான் நம்ம ஆளுங்க பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளை அடிச்சாங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளிச்சு, வஜ்ரம் காய்ச்சி ஊத்தி, கொஞ்சம் நீலம் போட்டு, மட்டையால ரெண்டு தரம் இழுத்தா முடிஞ்சது. வெறும் அழகுக்கு அடிச்சதுன்னு நினைக்கிறவங்க மண்ணெண்ணெய் விளக்குல ராத்திரி படுத்ததில்ல.

இன்னொண்ணு, எங்க சுவர் செங்கல்லும் மண்ணும், மேல சுண்ணாம்புப் பூச்சு. ஐப்பசி மழையில அடியில இருந்து ஈரம் ஏறும், தை வெயில்ல தானா வெளியேறும். சுண்ணாம்பு அதுக்கு வழி விடும். பிளாஸ்டிக் எமல்ஷன் பூசினா ஈரம் எங்க போகும்? பட்டியோட சேர்ந்து அப்பளம் மாதிரி உப்பி வரும். பெயிண்டருக்கே இது தெரியும், கேட்டதுக்குச் சிரிச்சார்.

மாடி ரூம் சிமெண்டுக் கட்டடம், ஜன்னலும் பெருசு. அதுல எந்தப் பச்சை வேணாலும் அடிச்சுக்கோன்னு மகன்கிட்ட சொல்லிட்டேன். நடு ரூம்ல ரெண்டு சுவர் முடிஞ்சுபோச்சு, அதைச் சுரண்டினாத்தான் சுண்ணாம்பு பிடிக்கும். மல்லாட்டை வித்த காசு ஏற்கெனவே டப்பாவா நிக்குது. அவன் ரெண்டு நாளா என்கிட்ட பேசல. அம்மா கட்டிலைத் திண்ணைக்கு மாத்தியிருக்கேன். திங்கக்கிழமை சுரண்ட ஆள் வருது.