இயந்திரத்துக்குத் தன் இருப்பிடம் தெரியுமா?

கணினியின் கட்டளைப்படி மரத்தையும் பிளாஸ்டிக்கையும் செதுக்கும் சிறு இயந்திரங்கள் இப்பொழுது வீட்டு மேசைகளுக்கும் வந்துவிட்டன. சி.என்.சி. என்னும் மூன்றெழுத்தால் அவற்றை அழைக்கிறோம். அவற்றுள் மாணவர்கள் விரும்பி வாங்குவது 3018 என்ற இலக்கமுடையது. ஏறக்குறைய 300 மில்லிமீற்றருக்கு 180 மில்லிமீற்றர் பரப்பில் அது வேலை செய்யும் என்பதையே அவ்விலக்கம் குறிக்கிறது. வாங்கிப் பூட்டிய சில வாரங்களில் அநேகமாக எல்லோருக்கும் ஒரே கேள்வி எழுகிறது: "இதற்கு லிமிட் சுவிட்ச் வேண்டுமா? ஹோம் சுவிட்ச் என்கிறார்களே, அது வேறா?"

விடை கூறுமுன், மாணவ நண்பர்களே, ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுங்கள். இவ்வியந்திரம் பிறவிக் குருடு. இதனை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு முழுச்சுற்றை 200 அடிகளாகப் பிரித்துச் சுழல்வது. ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீற்றர் முன்னேறும் திருகாணியுடன் அதனைப் பிணைத்தால், ஓர் அடிக்கு 0.02 மில்லிமீற்றர் நகரும். நுட்பம் வியக்கத்தக்கதே. ஆனால் கட்டுப்பாட்டுப் பலகை எண்ணுவது தான் அனுப்பிய கட்டளைகளை மாத்திரமே. மோட்டார் உண்மையில் நகர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. "பத்துப் படி ஏறு" என்று ஆளை ஏவிவிட்டு, திரும்பியும் பாராமல் "பத்தாம் படியில் நிற்கிறான்" என்று கணக்கெழுதும் எசமானைப் போன்றது அது. அலகு மரத்தில் இறுகி மோட்டார் 50 அடிகளைத் தவறவிட்டால், அதன்பின் வெட்டும் எழுத்தெல்லாம் ஒரு மில்லிமீற்றர் தள்ளியே விழும். இயந்திரமோ தான் சரியான இடத்தில் நிற்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும்.

மின்சாரம் நின்றாலோ அந்தக் கணக்கும் அழிந்துபோகும். இது நமக்குப் புதிய செய்தியன்று. 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரமின்றி இருந்த நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்துட் புகுந்த ஒரு குரங்கே காரணம் என்று அமைச்சர் கூறவும் கேட்டோம். நல்ல தேக்குப் பலகையில் வீட்டுப் பெயரைப் பாதி செதுக்கிய வேளையில் இப்படி நேர்ந்தால் என்ன செய்வது? மின்சாரம் மீண்டதும் இயந்திரம் தான் நிற்கும் இடத்தையே சுழியம் என்று கொள்ளும். கண்ணளவால் பழைய இடத்தைத் தேடி மறுபடி தொடங்கினால், எழுத்தின் விளிம்புகள் இரட்டித்துப் பலகை பாழாகும்.

ஹோம் சுவிட்ச் வேண்டியது இதற்காகத்தான். ஒவ்வோர் அச்சின் ஒரு முனையிலும் ஒரு சிறு சுவிட்சை நிலையாகப் பொருத்திவிடுகிறோம். இயந்திரம் விழித்தவுடன் அதனைத் தொட்டுப் பார்த்துத் தன் இருப்பிடத்தை அறிந்துகொள்கிறது. நோர்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009 இல் தொடங்கிய ஜி.ஆர்.பி.எல். என்னும் இலவச மென்பொருளே 3018 இன் பலகைகளிற் பெரும்பாலும் காணப்படுவது. அதில் 22 ஆம் இலக்க அமைப்பை 1 ஆக்கிவிட்டால், மின்சாரம் வந்ததும் முதலில் 'வீடு திரும்பும்படி' அது வற்புறுத்தும்.

அச்செயல் நடைபெறும் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. முதலில் அலகு மேலே எழும். மரத்துள் சிக்கி நிற்கும் அலகைப் பக்கவாட்டில் இழுத்தால் அது முறிந்துவிடுமல்லவா? பின்னர் மற்ற இரு அச்சுகளும் சுவிட்சை நாடி விரைவாகச் செல்லும். தொட்டதும் சிறிது பின்வாங்கி, மறுபடியும் மிக மெதுவாகச் சென்று தொடும். ஜி.ஆர்.பி.எல். தரும் தொடக்க அளவுகளின்படி முதல் ஓட்டம் நிமிடத்துக்கு 500 மில்லிமீற்றர், இரண்டாவது 25 மில்லிமீற்றர். முதலாவது தேடுவதற்கு, இரண்டாவது அளப்பதற்கு. இறுதியில் 1 மில்லிமீற்றர் விலகி நிற்கும். வேலையின் தொடக்கப் புள்ளியை ஜி54 என்ற இடத்தில் நீங்கள் முன்பே பதிந்திருந்தால், அது மின்சாரம் போனாலும் அழியாது. பலகை அசையாமலும் அலகு மாற்றப்படாமலும் இருக்குமாயின், சுழலும் கட்டளையை முதலிற் கொடுத்து, நின்ற வரிக்குச் சற்று முந்திய வரியிலிருந்து வேலையைத் தொடரலாம். தேக்குப் பலகை தப்பியது!

இனி லிமிட் சுவிட்ச். அதன் பணி இருப்பிடம் காட்டுவதன்று. பாதையின் முடிவில் நின்று தடுப்பது. வண்டி எல்லை மீறி வந்து அதனை அழுத்தினால், மென்பொருள் கட்டளைகளை உடனே நிறுத்தி அபாயக்குறி காட்டும். திடீரென நிறுத்துவதால் அடிகளின் கணக்கு பிசகியிருக்கக்கூடும். ஆகவே மறுபடியும் வீடு திரும்பவேண்டும். ஒரே சுவிட்ச் இரு பணிகளையும் செய்யலாம். ஆனால் ஓர் அச்சின் இரு முனைச் சுவிட்சுகளும் பலகையின் ஒரே முனையிற் சேர்வதால், எந்தப் பக்கம் முட்டியது என்பதை இயந்திரம் அறியாது. நீங்களே பார்த்து எதிர்த்திசையில் நகர்த்தவேண்டும். அவசரத்தில் திசையை மாற்றி அழுத்தினால் சுவிட்ச் நசுங்கும்.

இதற்குப் பயன்படுவது மைக்ரோ சுவிட்ச். 1932 இல் அமெரிக்காவின் பிரீபோர்ட் நகரில் பீற்றர் மக்கோல் என்பவர் உருவாக்கியது. கணினிச் சுட்டியில் 'கிளிக்' என்று ஒலிப்பது இதன் தம்பியே. இதற்கு மூன்று கால்கள் உண்டு. ஒன்று பொதுக்கால், என்.ஓ. என்று குறித்த கால் அழுத்தும்போது மாத்திரம் மின்னோட்டத்தை விடும், என்.சி. என்று குறித்தது அழுத்தாதபோது விடும். எதனை இணைப்பது? தயங்காமல் என்.சி. என்பேன். என்.ஓ. முறையில் கம்பி அறுந்துபோனால் அது எவருக்கும் தெரியாது; ஆபத்து வரும் நாளிலேதான் காவற்காரன் முன்பே இறந்துவிட்டான் என்று அறிவீர்கள். என்.சி. முறையில் கம்பி அறுந்த கணமே இயந்திரம் நின்றுவிடும். ஓர் அச்சின் இரு சுவிட்சுகளையும் தொடராக இணைத்து, 5 ஆம் இலக்க அமைப்பை 1 ஆக்கினால் போதும்.

யாரும் தொடாமலே அபாயக்குறி தோன்றுகிறதென்று சிலர் முறையிடுவர். பெரும்பாலும் குற்றம் சுவிட்சில் இல்லை. மோட்டார்க் கம்பிகளோடு சுவிட்ச்சின் கம்பியையும் ஒரே கட்டாகக் கட்டியிருப்பார்கள்; மோட்டாரின் மின்னிரைச்சல் அதிற் புகுந்துவிடும். கம்பிகளைப் பிரித்துவிடுங்கள், உறையிட்ட கம்பி இன்னும் நன்று. உள்ளீட்டுக்கும் தரைக்கும் இடையில் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை வைப்பதும் உதவும்.

பொருத்தும்போது வண்டி சுவிட்சை நேராக மோதும்படி வைக்காதீர்கள். சாய்வான சிறு தகடொன்று நெம்பின்மீது வழுக்கிச் செல்லும்படி அமைத்தால், சற்று மிஞ்சி ஓடினாலும் சுவிட்ச் உடையாது.

பணம் மூன்று சுவிட்சுக்கே போதுமென்றால்? மூன்றையும் வீட்டு முனைகளில் வையுங்கள். 3018 இன் மோட்டார்கள் வலிமை குறைந்தவை. முனையில் முட்டினால் உறுமி நிற்குமேயன்றி இயந்திரத்தைப் பிளந்துவிடுவது அரிது. உண்மையான நட்டம் இருப்பிடம் தொலைவதே. வீடு தெரிந்த இயந்திரத்துக்கு 20 ஆம் இலக்க அமைப்பால் மென்பொருள் எல்லையும் வகுக்கலாம். எல்லைக்கு அப்பாற்பட்ட கட்டளையை அது ஏற்காது. பெரிய, வலிய இயந்திரமாயின் இந்தச் சிக்கனம் கூடாது. இரு முனைகளிலும் சுவிட்ச் இருக்கவேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்: லிமிட் சுவிட்ச் இயந்திரத்தைக் காப்பது; பிள்ளையின் விரலைக் காப்பதன்று. அதற்கு, மோட்டார்களின் மின்சாரத்தையே துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும்.

முதன்முறை வீடு திரும்பச் செய்யுமுன், ஒவ்வொரு சுவிட்சையும் விரலால் அழுத்தி, வினாக்குறியைக் கட்டளையாக அனுப்பிப் பாருங்கள். அந்த அச்சின் எழுத்து விடையிலே தோன்றவேண்டும். பின்னர் அலகைக் கழற்றிவிட்டு, சிவப்புப் பொத்தானிற் கையை வைத்தபடி கட்டளை கொடுங்கள். வண்டி சுவிட்சை விட்டு எதிர்ப்புறம் ஓடினால் உடனே நிறுத்தி, 23 ஆம் இலக்க அமைப்பில் திசையை மாற்றி மீண்டும் முயலுங்கள்.