இந்த மாதம் படிக்க: ஆலப்புழைத் தமிழர்களும் மற்றவர்களும்

ஆலப்புழை நகரின் மலத்தை அள்ளிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதையை 1947இல் எழுதியவர் ஒரு மலையாளி. தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' நாவலை சுந்தர ராமசாமி இளம் வயதிலேயே தமிழாக்கிவிட்டார்; 1950களில் 'சரஸ்வதி' இதழில் தொடராகவும் வந்தது. புத்தகமானது 2000இல்தான். தன் ஜனங்களின் கதைக்கு அட்டை போடத் தமிழுக்கு அவ்வளவு காலம் பிடித்தது. மகனுக்கு மோகனன் என்று பெயர் வைத்து, மலவாளி அவன் கைக்குப் போகக் கூடாது என்று காசு சேர்க்கிறான் சுடலைமுத்து. அதற்காகச் சக தோட்டிகளின் சங்கத்தையே காட்டிக் கொடுக்கிறான். மாதத்துக்கு ஒரு புத்தகம்தான் முடியும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது சுயசரிதை. கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவின் 'ஊரும் சேரியும்' (தமிழில்: பாவண்ணன்). மாடுகளுக்குப் பதிலாக ஏரில் பூட்டப்பட்ட மனிதர்களில் ஒருவர் தன் அப்பா என்று சொல்பவர், அதே மூச்சில் வாசகரைச் சிரிக்கவும் வைக்கிறார். புலம்பல் கிடையாது. பெங்களூர்த் தமிழர்கள் தவறவிடக் கூடாது.

தாராசங்கர் பந்தோபாத்யாயவின் வங்க நாவல் 'ஆரோக்கிய நிகேதனம்' (தமிழில்: த.நா. குமாரஸ்வாமி) பொறுமை கேட்கும். நாடி பிடித்தே சாவின் வருகையைச் சொல்லும் கிழ வைத்தியர் ஒரு பக்கம், ஊருக்கு வரும் இளம் டாக்டர் மறுபக்கம். சற்றே பழைய தமிழ், வைத்தியருக்குப் பொருந்துகிறது.

வரலாற்றுக்கு ராமச்சந்திர குஹாவின் 'இந்திய வரலாறு: காந்திக்குப் பிறகு' (தமிழில்: ஆர்.பி. சாரதி). இரண்டு பாகம், ரயிலில் தூக்கிப் பிடிக்க முடியாத கனம். 1952இல் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டதையும், மறு ஆண்டே ஆந்திரம் பிறந்ததையும் சொல்லும் இடத்தில் தொடங்கினால் மற்றது தானாக நகரும்.