அது எந்த நேரத்தில் நடந்தது?

"ராத்திரி யாரோ நெஞ்சு மேல ஏறி உட்கார்ந்துக்கிறாங்க டாக்டர். கண்ணு திறந்துதான் இருக்கு, கத்த முடியல." ஓ.பி.யில் இதைக் கேட்காத மனநல மருத்துவரோ உளவியலாளரோ நம்மிடையே இருப்பது அரிது. சொல்பவர் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுக்காரர்: விடுதி மாணவி, இரவுப் பணி பார்க்கும் ஐ.டி. ஊழியர், ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும் செவிலியர். உடன் வந்த அம்மா, "அமுக்குவான்தான் சார், மந்திரிச்சுக் கயிறு கட்டியும் போகல" என்பார். கேஸ் ஷீட்டில் நாம் என்ன எழுதுகிறோம்? மாயக்காட்சி உண்டு, மாயத் தொடுவுணர்வு உண்டு. தூக்கம் என்ற தலைப்புக்கு எதிரே ஒரே சொல்: குறைவு. அதைப் படிக்கும் அடுத்த மருத்துவர் ரிஸ்பெரிடோன் எழுதினால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சீட்டைப் பாதி எழுதிக் கொடுத்தவர்கள் நாம்தான்.

கேட்க வேண்டிய கேள்வி மிக எளியது. அது எந்த நேரத்தில் நடந்தது? தூக்கம் பிடிக்கும் தறுவாயிலா, விழிப்பு வரும் தறுவாயிலா, நடமாடிக்கொண்டிருந்தபோதா? இதற்கு விடை வராமல் 'மாயக்காட்சி' என்று எழுதக் கூடாது என்பதே இந்த உரையின் நிலைப்பாடு.

விழிப்பு, ஆழ்ந்த உறக்கம், கனவு என்று நனவு நிலைகளைத் தனித்தனியாகப் பிரித்தே நமக்குக் கற்பித்தார்கள். தேர்வுக்கு அது வசதி; ஆனால் அந்த நிலைகள் ஒன்றோடொன்று கலக்கவும் செய்யும். சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் உறக்கத்தில் கண்கள் வேகமாக உருளும் கட்டத்தை (ரெம்) 1953இல் அறிவித்தார்கள். சில ஆண்டுகளில், லியோன் நகரில் மிஷேல் ஜூவே, அந்தக் கட்டத்தில் பூனையின் மூளை அலைகள் விழிப்பை ஒத்திருக்கக் கழுத்துத் தசை மட்டும் முற்றாகத் தளர்ந்துவிடுவதைக் காட்டி, 'முரண் உறக்கம்' என்று பெயரிட்டார். மூளைத் தண்டில் பான்ஸ் பகுதியின் குறிப்பிட்ட இடத்தைச் சிதைத்தபோது பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து பாய்ந்தன. தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களை கிளைசினும் காபாவும் அடக்கி வைப்பதால்தான் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலேயே கிடக்கிறார். உதரவிதானமும் கண்ணை உருட்டும் தசைகளும் இந்த அடக்கத்துக்கு விலக்கு.

ஓ.பி.யில் நாம் கேட்கும் அந்த அனுபவத்தின் பெயர் தூக்க முடக்கம். இதில் விழிப்பு வந்துவிடுகிறது, தளர்ச்சி விலகத் தாமதிக்கிறது. ஆகவே கண் திறக்கிறது, அறை தெரிகிறது, கை அசைவதில்லை. மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேண்டுமென்று ஆழமாக இழுக்கப் போனால் விலா இடைத் தசைகள் இணங்குவதில்லை. நெஞ்சில் பாரம் என்று நோயாளி சொல்வதற்கு உடலில் காரணம் இருக்கிறது. கனவு இன்னும் முடியாததால் அதன் உருவங்கள் நிஜமான அறைக்குள் நடமாடுகின்றன.

இந்த அனுபவங்கள் கண்டபடி வருவதில்லை. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆலன் செய்ன் குழுவினர் 1999இல் இவற்றை மூன்றாக வகுத்தார்கள். யாரோ அறையில் இருக்கிறார் என்ற உணர்வு, காலடி ஓசை, பேரச்சம் ஆகியவை ஒரு தொகுதி; நெஞ்சழுத்தம், மூச்சுத் திணறல், வலி இரண்டாவது; மிதப்பதும் உடலைவிட்டு வெளியேறுவதும் மூன்றாவது. 'யாரோ இருக்கிறார்' என்பதற்குத் தனியாக ஒரு சான்றும் உண்டு. வலிப்பு நோய்க்காகப் பரிசோதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் இடது பக்க மூளையில், பொட்டு மடலும் பக்க மடலும் சந்திக்கும் இடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, தன் பின்னால் நிழல்போல் ஒருவர் இருப்பதாகவும் தன் உடல் இருந்த நிலையிலேயே அந்த உருவமும் இருப்பதாகவும் அவர் சொன்னார். ஆர்ஸி, பிளாங்கே குழுவினர் இதை 2006இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அந்தப் பெண் அப்போது நல்ல விழிப்பில் இருந்தார்.

நியூஃபவுண்ட்லாந்து மீனவக் குடும்பங்களில் நெஞ்சில் ஏறுவது ஒரு கிழவி. ஜப்பானியர் இதைக் கனாசிபாரி என்கிறார்கள். கம்போடியர்களுக்கும் அழுத்துவது பேய்தான். டச்சு மருத்துவர் டீமெர்புரூக் 1664இலேயே இப்படி ஒரு பெண்ணின் கதையைப் பதிவு செய்திருக்கிறார். அவளை அழுத்தியது சாத்தான். கதை கேட்டுக் கேட்டுத்தான் மக்களுக்கு இப்படித் தோன்றுகிறது என்ற பழைய விளக்கத்தை டேவிட் ஹஃபோர்ட் 1982இல் மறுத்தார். கதையே கேட்டறியாதவர்களும் அதே அனுபவத்தைச் சொன்னார்கள். அமுக்குவானைப் பற்றிப் பேசும் தாயாரை நாம் புன்னகையோடு ஒதுக்குவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. குறிகளை அவர் நம்மைவிடச் சரியாகத் தொகுத்திருக்கிறார்; பிழை காரணம் சொன்ன இடத்தில்தான்.

எவ்வளவு பேருக்கு வருகிறது? ஷார்ப்லெஸும் பார்பரும் 35 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் தந்த கணக்கில், வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டவர்கள் பொதுமக்களில் 7.6 சதவீதம், மாணவர்களில் 28.3, மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் 31.9. இந்த மூன்றாவது எண்ணைத்தான் நாம் மனதில் வைக்க வேண்டும். மனச்சிதைவு உள்ளவருக்கும் தூக்க முடக்கம் வரும். அவர் "நேத்து ராத்திரி வந்து அமுக்கிச்சு" என்றவுடன் நோய் திரும்பிவிட்டது என்று மாத்திரையின் அளவைக் கூட்டுவது அவசரம். பீதி நோயிலும் பேரிடருக்குப் பிந்திய மன அழுத்த நோயிலும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. போரைக் கடந்து வந்தவர்களிடையே பணியாற்றும் இலங்கை வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரித்தறிவது பெரும்பாலும் கடினமில்லை. தூக்க முடக்கம் சில நொடிகளோ சில நிமிடங்களோ நீடிக்கும். யாராவது தொட்டால் கலையும். நடந்தது முழுவதும் நினைவிருக்கும். பகலில் எந்தக் குரலும் உருவமும் இருக்காது. இரவு அலறல் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுவது. அலறிய குழந்தைக்குக் காலையில் ஒன்றும் நினைவிருக்காது. உறக்கத்தில் வரும் வலிப்பையும் மறக்கக் கூடாது.

ஆனால் ஒன்றைத் தவறவிட்டால் ஆண்டுக்கணக்கில் இழப்பு: நார்கோலெப்சி. வகுப்பில் தன்னை மறந்து தூங்குகிறாரா? வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்குகிறதா, தாடை தொங்குகிறதா? இந்த இரண்டு கேள்விக்கு இரண்டு நிமிடம் போதும். விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சின் என்ற நரம்புப் பெப்டைடு 1998இல் கண்டறியப்பட்டது; அதைச் சுரக்கும் ஹைபோதலாமஸ் நரம்பணுக்கள் அழிந்துபோவதே, சிரித்தால் துவளும் வகை நார்கோலெப்சிக்குக் காரணம் என்பது 2000த்தில் தெளிவானது. நோய் பதின்ம வயதில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். படிப்பில் பின்தங்கிய, சிரித்தால் துவண்டு விழும், இரவில் உருவங்களைக் காணும் பெண்ணுக்கு ஹிஸ்டீரியா என்றோ மனச்சிதைவு என்றோ பெயர் சூட்டுவது எவ்வளவு எளிது! அப்படிச் சந்தேகம் எழுந்தால் இரவு முழுவதுமான பாலிசோம்னோகிராஃபியும் மறுநாள் பகல் தூக்கப் பரிசோதனையும் தேவை. மாவட்டத்தில் வசதி இல்லையென்றால் நரம்பியல் துறைக்கு அனுப்புங்கள்.

இனி ஹிப்னாசிஸ். 'ஆழ்மனதில் என்ன இருக்கிறது பார்க்கலாம்' என்று இந்த நோயாளிகளை ஹிப்னாசிஸுக்கு உட்படுத்தும் வழக்கம் இருக்கிறது. சிலர் முற்பிறவி வரை போகிறார்கள். ஹிப்னாசிஸில் இருப்பவரின் ஈஈஜி விழிப்பையே ஒத்திருக்கும் என்பதை லூமிஸ் 1936லேயே காட்டிவிட்டார். அது உறக்கமும் இல்லை, உண்மையை வரவழைக்கும் மருந்தும் இல்லை. லாரன்ஸும் பெரியும் 1983இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை நமக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. எளிதில் ஹிப்னாசிஸுக்கு உட்படும் 27 பேரிடம், குறிப்பிட்ட ஓர் இரவில் பெரிய சத்தம் கேட்டு விழித்ததாக ஹிப்னாசிஸின்போது சொல்லிவைத்தார்கள். பிறகு 13 பேர் அது உண்மையாகவே நடந்தது என்றார்கள். ஹார்வர்டில் மக்னாலியும் கிளான்சியும் 2005இல் ஆராய்ந்தவர்கள், வேற்றுக் கிரகவாசிகள் தம்மைக் கடத்தியதாக நம்பியவர்கள். தொடக்கம் தூக்க முடக்கம். கதையின் மீதிப் பகுதி பலருக்கு ஹிப்னாசிஸ் போன்ற உத்திகளுக்குப் பின்னரே 'நினைவுக்கு' வந்தது. வலிக்கும் எரிச்சல் குடல் நோய்க்கும் ஹிப்னாசிஸ் பயன்படுவதை இந்த இதழ் மறுக்கவில்லை. இரவு அனுபவத்தின் 'மூலத்தை' அகழ்ந்தெடுக்க அதைப் பயன்படுத்துவது தவறான சிகிச்சை; உளவியல் பட்டம் பெற்றவர் செய்தாலும் தவறுதான்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பாலியல் வன்முறை போன்ற உணர்வோடும் தூக்க முடக்கம் வரும் என்பதால், ஒரு பெண் இரவில் நடந்ததைச் சொல்லும்போது 'அது அமுக்குவான்தான்' என்று நாமே முடித்துவைக்கக் கூடாது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே படுக்கிறார், கதவு தாழிடப்படுமா என்று தனியாக வைத்துக் கேட்க வேண்டும். நேரத்தைக் கேட்பது தீர்ப்பு எழுதுவதற்காக அல்ல.

சிகிச்சை பற்றிச் சொல்ல அதிகமில்லை. உடலில் நடப்பதைப் படம் வரைந்து விளக்கினாலே பலருக்குப் பாதி அச்சம் போய்விடும். தூக்க நேரத்தை ஒழுங்காக்குவது, மல்லாந்து படுப்பதைத் தவிர்ப்பது, முடங்கியிருக்கும்போது மொத்த உடம்போடு போராடாமல் ஒரு விரலை மட்டும் அசைக்க முயல்வது ஆகியவை அடுத்தபடி. மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்தியவருக்கு ரெம் உறக்கம் பொங்கி எழும், அதையும் விசாரியுங்கள். ஆண்டிசைக்காடிக் மருந்துக்கு இங்கே வேலையில்லை. கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்கச் சொல்வதும் நம் வேலை அல்ல.

ஐ.சி.டி.–11 உறக்க விழிப்புக் கோளாறுகளை மனநோய் அத்தியாயத்திலிருந்து பிரித்துத் தனி அத்தியாயமாக்கி, மீண்டும் மீண்டும் வரும் தனித்த தூக்க முடக்கத்துக்கு அதில் தனி இடம் கொடுத்திருக்கிறது. நம் கேஸ் ஷீட்டும் மாற வேண்டும். 'தூக்கம்' என்ற தலைப்பின் கீழ், படுக்கும் நேரம், எழும் நேரம், பகல் தூக்கம், தூங்கும்போதோ விழிக்கும்போதோ அனுபவங்கள் என நான்கு வரிகள் சேர்த்தால் போதும். துறைத் தலைவர்கள் இதை அடுத்த முறை படிவம் அச்சிடும்போதே செய்துவிடலாம். மனச்சிதைவு என்று பதிந்து, பிறகு தூக்க முடக்கம் அல்லது நார்கோலெப்சி என்று திருத்தப்பட்ட நேர்வுகள் உங்களிடம் இருந்தால், நோயாளியின் சம்மதத்துடன், அடையாளங்களை நீக்கி எங்களுக்கு அனுப்புங்கள். தமிழில் அப்படிப்பட்ட அறிக்கைகளை வெளியிட இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.