மன்னிப்புக் கேளாத தொழிலாளி

விளையாட்டு வேறு, தொழில் வேறு என்று எண்ணுவது நம்மிற் பலருக்கு வழக்கம். மைதானத்தில் நிற்பவனை வீரன் என்று போற்றுகிறோம். அவனும் கூலிக்கு உழைக்கும் ஒரு தொழிலாளியே என்பதை மறந்துவிடுகிறோம். ஆகவே அவன் வரலாற்றை எழுதப் புகுவோர், ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் எண்ணிக் கணக்கெடுப்பதோடு தம் கடமை முடிந்ததென்று அமைந்துவிடுகின்றனர். இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ஹரோல்ட் லார்வூட்டின் வாழ்வை இக்கணக்கினால் அளந்துவிட முடியாது என்பது என் துணிபு. அவர் கையொப்பமிட மறுத்த ஒரு மன்னிப்பே அவருடைய பெருமைக்குத் தலையாய சான்று.

லார்வூட் 1904ஆம் ஆண்டு நொட்டிங்ஹம்ஷயரிலுள்ள நன்கார்கேட் என்னும் சுரங்கக் கிராமத்திலே பிறந்தவர். தந்தையார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மகனும் பதினான்கு வயதிலே சுரங்கத்தினுள் இறங்கி, கரி வண்டி இழுக்கும் மட்டக்குதிரைகளோடு வேலை செய்தார். அவ்விருளிலிருந்து அவரை வெளியே கொணர்ந்தது பந்து வீசும் திறனே. 1924இல் நொட்டிங்ஹம்ஷயர் அணிக்காக ஆடத் தொடங்கினார். 1926இல் லோர்ட்ஸ் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தம் முதலாவது டெஸ்ட் போட்டியில் இறங்கினார். ஐந்து பருவங்களில் இங்கிலாந்தின் பந்துவீச்சுச் சராசரிப் பட்டியலில் அவர் பெயரே முதலிடம் பெற்றது.

அக்கால ஆங்கிலக் கிரிக்கெட்டில் இரு சாதிகள் இருந்தன என்றால் அது மிகையாகாது. ஊதியம் பெறாது ஆடுவோர் 'கனவான்கள்'. ஊதியம் பெற்று ஆடுவோர் வெறும் 'ஆட்டக்காரர்கள்'. இரு சாராருக்கும் உடைமாற்றும் அறைகள் வேறு. மைதானத்துட் புகும் வாயில்களும் பல இடங்களில் வேறு. அச்சிட்ட ஆட்டப் பட்டியலிலே கனவானின் முதலெழுத்துகள் பெயருக்கு முன்னும், தொழில்முறை ஆட்டக்காரனின் முதலெழுத்துகள் பெயருக்குப் பின்னும் நின்றன. தலைமை கனவானுக்கே உரியதெனக் கருதப்பட்டது. சாதியின் பெயரால் வாயில்களும் கிணறுகளும் வேறாக்கப்பட்டதைக் கண்ட நமக்கு இவ்வேற்பாட்டின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் நடுவே 1932ஆம் ஆண்டு டக்ளஸ் ஜார்டினின் தலைமையில் இங்கிலாந்து அணி அவுஸ்திரேலியாவுக்குச் சென்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே தொடரில் 974 ஓட்டங்களைக் குவித்த டொன் பிராட்மனை அடக்குவதே ஜார்டினின் நோக்கம். பந்தைக் குட்டையாகக் குத்தி ஆட்டக்காரனின் உடலை நோக்கி எழச்செய்வது, காற்பக்கத்திலே பிடியாளர்களை நெருக்கி நிறுத்துவது என்ற 'பொடிலைன்' உபாயத்தை அவர் வகுத்தார். அதற்கு வாய்த்த பெருங்கருவி லார்வூட். அத்தொடரில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 33. இங்கிலாந்து நான்குக்கு ஒன்று என்று வென்றது.

அதே அணியில் கபி அலன் என்ற வேகப்பந்து வீச்சாளரும் இருந்தார். அவ்வாறு வீச மாட்டேன் என்று அவர் தலைவரிடம் மறுத்துரைத்தார். அணியிலே அவருடைய இடம் அசையவில்லை. அவர் கனவான். பின்னர் இங்கிலாந்தின் தலைவராகவும், எம்.சி.சி. கழகத்தின் தலைவராகவும் உயர்ந்தார். அவருடைய மனவுறுதியை நான் குறைத்துரைக்கவில்லை. ஆனால் மனச்சாட்சிப்படி நடக்கும் வசதியும் அன்று சிலருக்கு மட்டுமே கிடைத்த ஒரு சலுகை அன்றோ? அடுத்த பருவத்து உணவு தலைவரின் நல்லெண்ணத்திலே தங்கியிருக்கும் ஒருவன் அதனை எளிதிற் பெறமுடியுமா?

1933 பெப்ரவரியில் சிட்னியில் நடந்த இறுதிப் போட்டியில் லார்வூட் துடுப்பெடுத்தாடி 98 ஓட்டங்கள் பெற்றார். பகைமை பாராட்டிய கூட்டமே எழுந்து கைதட்டியது. அதே போட்டியில் பந்து வீசுகையில் அவருடைய இடப்பாத எலும்பு முறிந்தது. எனினும் பிராட்மன் ஆட்டமிழக்கும் வரை களத்தை விட்டு வெளியேற ஜார்டின் அவரை அனுமதிக்கவில்லை. அவ்வாறு நொண்டியபடி வெளியேறியவர் மீண்டும் இங்கிலாந்துக்காக ஆடவேயில்லை. அவருடைய டெஸ்ட் வாழ்வு 21 போட்டிகளோடும் 78 விக்கெட்டுகளோடும் முற்றுப்பெற்றது.

அதற்குக் காரணம் பாதம் மட்டுமன்று. 1934இல் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்கு வரவிருந்தது. உறவைச் சீர்ப்படுத்த ஒரு பலி வேண்டியிருந்தது. தாம் வீசிய முறைக்காக மன்னிப்புக் கேட்கும்படி லார்வூட்டிடம் கூறப்பட்டது. தலைவரின் கட்டளைப்படி நடந்தேன், மன்னிப்புக் கேட்க எதுவுமில்லை என்று அவர் மறுத்தார். கட்டளையிட்ட ஜார்டினோ, இடையில் இந்தியாவுக்கும் அணித் தலைவராகச் சென்று வந்து, தாமாகவே விலகிக்கொண்டார்.

அவ்வகைப் பந்துவீச்சு ஆபத்தானது என்பதை நான் மறுக்கவில்லை. தலைக்கவசம் இல்லாத காலம் அது. அடிலெய்டில் வூட்புல் நெஞ்சில் அடிபட்டுத் தள்ளாடியதும், ஓல்ட்பீல்டின் மண்டையோடு வெடித்ததும் லார்வூட்டின் பந்துகளாலேயே. ஓல்ட்பீல்டை வீழ்த்திய பந்து பொடிலைன் வியூகத்தில் வீசப்பட்டதன்று என்பதையும் சொல்லவேண்டும். அம்முறையைப் பின்னர் தடைசெய்தது நியாயமே. கட்டளைப்படி செய்தேன் என்பது எல்லாக் குற்றத்துக்கும் விடையாகாது என்பதும் உண்மை. ஆயினும் திட்டம் வகுத்தவனை விட்டு, அதை நிறைவேற்றியவனை மட்டும் மண்டியிடச் சொல்வது நீதியாகாது. அது தவற்றைத் திருத்தும் வழியன்று. தவற்றை ஏழையின் தலையில் ஏற்றிவைக்கும் வழி.

லார்வூட் 1938 வரை தம் கவுண்டிக்காக ஆடினார். போருக்குப் பின் பிளக்பூலில் ஓர் இனிப்புக் கடை நடத்தினார். 1950இல் மனைவியோடும் ஐந்து புதல்வியரோடும் குடியேறிய நாடு அவுஸ்திரேலியா! அவரை அங்கு வரும்படி ஊக்கியவர், 1932இல் எதிரணியில் நின்று அவருடைய பந்துகளை எதிர்கொண்ட ஜக் பிங்கிள்டன். அடிவாங்கியவர்கள் அவரை மன்னித்தார்கள், இல்லை, மன்னிக்க எதுவுமில்லை என்று கண்டார்கள் எனலாம். தாய்நாட்டின் அரச விருது அவரை அடைந்தது 1993இல். அப்போது அவருக்கு வயது எண்பத்தெட்டு. 1995இல் சிட்னியிலே காலமானார்.

கனவான், ஆட்டக்காரன் என்ற பிரிவை ஆங்கிலக் கிரிக்கெட் 1963ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து கைவிட்டது. இன்று ஆட்டக்காரர்கள் ஏலத்திலே பெருந்தொகைக்கு எடுக்கப்படுகிறார்கள்; சிறந்தவர்களுக்கு வறுமை இல்லை. எனினும் வெற்றி வந்தால் மேலிருப்போர்க்கும், பழி வந்தால் கீழிருப்போர்க்கும் என்னும் பங்கீடு கிரிக்கெட்டிலும் மாறிவிடவில்லை. அலுவலகங்களிலும் ஆலைகளிலும் மாறிவிடவில்லை. அப்பங்கீட்டை ஏற்க மறுத்து, தம் தொழிலின் உச்சத்தையே விலையாகக் கொடுத்தவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். அவர் எடுத்த விக்கெட்டுகளை நாம் மறந்தாலும் அந்த மறுப்பை மறத்தலாகாது.